பல ஷிப்டுகள், ஓர் அடுப்பு

ஓசூரில் பெரிய குடும்பமாகச் சேர்ந்து வாழ்கிறவர்களின் சமையலறைக்கு ஒரே நேரக் கணக்கு என்பது கிடையாது. மூத்த மகன் காலை ஆறு மணி ஷிப்டுக்காக இருட்டோடு இருட்டாகக் கம்பெனி பஸ் ஏறுகிறார். இளையவர் பகல் இரண்டு மணிக்கு உள்ளே போய் இரவு பத்து மணிக்கு மேல் வெளியே வருகிறார். மருமகன் இரவு ஷிப்ட் முடித்து, மற்றவர்கள் பல் துலக்கும் வேளையில் படுக்கப் போகிறார். பள்ளி வேன் எட்டு மணிக்கு வாசலில் ஹாரன் அடிக்கிறது. வயதான மாமனாருக்கோ, மாத்திரை போட்டுக்கொள்ளும் முன் வயிற்றில் ஏதாவது விழ வேண்டும். இத்தனை பேருக்கும் அவரவர் வேளைக்குச் சூடாக ஆகாரம் கொடுக்கும் பொறுப்பு ஒரு மாமியார் மீதும் இரண்டு மருமகள்கள் மீதும் விழுகிறது. அந்த மருமகள்களில் ஒருத்தியும் இப்போதெல்லாம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போகிறவளாகவே இருக்கிறாள்.

1971-ல் சிப்காட் நிறுவனம் தோன்றி, ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்து, 1980-ஐ ஒட்டி டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகாரமும் இங்கே உருவாகத் தொடங்கிய பிறகுதான், சூரியனைப் பார்த்து உண்டு உறங்கிய ராகிச் சீமையின் இல்லங்களில் இந்த ஷிப்ட் வாழ்க்கை புகுந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று வீட்டுக்கு வீடு பாஷை மாறினாலும், அடுக்களையின் அவதியில் இந்த எல்லைப்புறத்தார் யாவரும் ஒரே ஜாதி.

இப்படிப்பட்ட வீடுகளில் சமீப காலமாக ஒரு சிறிய மின்சார ஓவன் குடியேறி வருவதைக் காண்கிறோம். பிறந்தநாள் கேக்குக்கென்று வாங்கியதுதான். பணமும் பொழுதும் மிகுந்தவர்களின் விளையாட்டு என்று அதைப் புறக்கணிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. பெரிய குடும்பத்துக்கு, அதிலும் ஷிப்ட் குடும்பத்துக்கு, வீட்டில் பேக்கிங் செய்வது மெய்யான உபகாரம் என்றே கருதுகிறேன்.

காரணத்தைச் சொல்கிறேன். நம்முடைய தோசைக்கு ஈடான பதார்த்தம் உலகத்தில் இல்லை என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை; ஆனால், ஒன்பது பேர் கொண்ட வீட்டில் தோசை வார்க்கும் பெண்மணி, ஒன்றன்பின் ஒன்றாக இருபத்தைந்து தோசைகளைத் திருப்பிப் போட்டு, கடைசித் தோசையைத் தனியாக நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, கல்லைக் கழுவப் போகிறாள் என்பதும் நாம் தினந்தோறும் பிரத்தியட்சமாகக் காண்கிற காட்சியே. சப்பாத்தியும் பூரியும் அப்படித்தான். ஓவனில் வைக்கும் பண்டமோ, உள்ளே போன பிறகு கையை எதிர்பார்ப்பதில்லை. 180 டிகிரி உஷ்ணத்தில் முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம் அது தானாக வேகும்; அந்த நேரம் முழுவதும் சமைத்தவள் உட்காரலாம். வெளியே எடுத்தால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பங்கு கிடைக்கும், அவளுக்கும் சேர்த்து. மீதமானால், இரவு பதினொன்றுக்கு வந்து சேருகிறவருக்காக டப்பாவில் பத்திரமாகக் காத்திருக்கும். அவருக்காக ஒருத்தி விழித்திருந்து மறுபடியும் அடுப்புப் பற்றவைக்க வேண்டியதில்லை. காத்திருப்பதற்கு ரொட்டியும் பிஸ்கத்தும் இசைவதுபோல், இட்லியோ உப்புமாவோ இசைவதில்லை.

"அத்தை, மணி அடிச்சா நான் எடுத்துக்கறேன், நீங்க போய்ச் சித்த நேரம் படுங்க" என்று மருமகள் சொல்லக்கூடிய சமையல் நம் வீடுகளில் வேறு எத்தனை இருக்கிறது?

ஓவன் இல்லாத காலத்திலும் இந்த வித்தை நம் பெண்களுக்குத் தெரியாததல்ல. பிரஷர் குக்கரின் அடியில் மணலையோ கல்லுப்பையோ பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் நீக்கிவிட்டு, உள்ளே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கேக் பாத்திரத்தை வைத்து மிதமான தீயில் விட்டுவிடும் முறையை ஒரு தலைமுறையே கையாண்டிருக்கிறது. முட்டை நுழையாத வீடுகளில் தயிரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்து கிளப்பும் வாயுவே மாவை உப்பச் செய்தது. இவற்றுக்கெல்லாம் முந்தியது, மேலும் கீழும் தணல் போடும் தம் முறை. தக்காணத்து முஸ்லிம் இல்லங்களில் ரவை, நெய், சர்க்கரை, கோவா சேர்த்து மொஹரம் காலத்தில் செய்யப்படும் 'தம் கா ரோட்' அவ்வாறு வெந்ததே. உருது பேசும் குடும்பங்கள் திரளாக வாழும் கிருஷ்ணகிரிப் பக்கத்தில், இந்தப் பரம்பரையை அயல்நாட்டுச் சரக்கு என்று எவர் சொல்லத் துணிவார்?

ஆசாரம் மிகுந்தவர்களும் விலக்கி வைக்கவில்லை. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஐயங்கார் குடும்பம் 1898-ல் பெங்களூர் சிக்பேட்டையில் முட்டை சேர்க்காத ரொட்டிக் கடையைத் தொடங்கியது. அந்த வழியில் வந்த 'ஐயங்கார் பேக்கரி' பெயர்ப்பலகைகள் இன்று ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலை ஓரமெல்லாம் தென்படுகின்றன. காரபன்னையும் தேங்காய் பன்னையும் உண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அவற்றை வீட்டிலேயே செய்து தருவதில் தாய்மாருக்கு ஆசை பிறந்தது இயல்பே.

பெரிய குடும்பங்களுக்கு அடுப்பு பொதுவாக இருப்பதும் புதிதல்ல. மொராக்கோ நாட்டுப் பழைய நகரங்களில் வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் தெருவின் பொது அடுப்புக்குப் பிள்ளைகள் எடுத்துப் போவது நெடுநாளைய வழக்கம். கொல்கத்தாவிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் குடும்பங்கள் தத்தம் மாவையும் முந்திரி, திராட்சையையும் பழைய பேக்கரிகளுக்குக் கொண்டுபோய்த் தம் கண் முன்னாலேயே கேக் சுட்டு வாங்கி வருகின்றன. நம் ஊர்க் குடியிருப்புகளில் ஓவன் உள்ள வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் பாத்திரத்தோடு வந்து நிற்பதைப் பார்க்கிறபோது, அந்தப் பழக்கம் தானே இங்கும் முளைத்திருப்பதாகத் தோன்றுகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. ராகி விளையும் பூமியில் இருந்துகொண்டு மைதாவையே பிடித்துக்கொண்டிருப்பது நியாயமா? தமிழ்நாட்டில் ராகிக்குப் பேர்போன மாவட்டங்களில் கிருஷ்ணகிரி முன்வரிசையில் நிற்பது. களி உருண்டையும் கீரைக் குழம்புமே இந்த மண்ணின் இயல்பான உணவு. நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் இருக்கிறது. அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. பக்கத்துத் தருமபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் ரேஷன் அட்டைக்கு அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி வழங்க அரசே முன்வந்தது. அப்படியிருக்க, களியை விட்டு ஓடும் பிள்ளைகளுக்கு ராகியை வேறு உருவத்தில் கொடுப்பதில் தவறென்ன? ஆனால் ராகிக்கு ஒரு சுபாவம் உண்டு. கோதுமையில் இருக்கும் இழுவைப் பசை அதில் இல்லை. ஆகையால் ஈஸ்ட் கிளப்பும் காற்றைத் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளாது. முழுக்க ராகியில் ரொட்டி போட முயன்றவர்களுக்குக் கையில் கிடைத்தது செங்கல்தான். கால் பங்கு ராகியும் முக்கால் பங்கு கோதுமையும் என்று வைத்தால் ரொட்டி மெத்தென்று எழும்பும். பிஸ்கத்துக்கு எழும்ப வேண்டிய அவசியமே இல்லையாதலால், வெல்லமும் நெய்யும் சேர்த்து ராகியைத் தாராளமாகவே போடலாம். கடலுக்குமேல் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஓசூரில் மார்கழிக் குளிர் மாவைச் சோம்பேறியாக்கிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். சென்னையில் ஒரு மணியில் பொங்குவது இங்கே இரண்டு மணி கேட்கும்.

இனி, யார் செய்வது என்ற கேள்வி. ஓவன் வந்துவிட்டது என்பதற்காகத் தோசையும் வேண்டும், குழம்பும் வேண்டும், அதன்மேல் பன்னும் கேக்கும் வேண்டும் என்று வீட்டார் கேட்க ஆரம்பித்தால், உட்காரச் சொன்ன சாதனமே அவளை இன்னும் ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிடும். தட்டுகளைக் கழுவுவது வேறு. இந்த அநியாயம் பல வீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இதைக் கண்டும் காணாதது போல் பேக்கிங்கைப் புகழ்ந்து எழுத என் மனம் இடங்கொடுக்கவில்லை.

இரண்டாவது ஷிப்ட் வாரத்தில் ஆண்பிள்ளை காலை முழுவதும் வீட்டில் இருக்கிறார். மாவு பிசைவது புஜபலம் வேண்டிய காரியம்; உலையின் உஷ்ணத்தையும் நேரத்தையும் கணக்கிடுவதோ, கம்பெனியில் அவர் சம்பளத்துக்குச் செய்கிற வேலைக்கு அதிக தூரமில்லாதது. எட்டரை மணிக்கு அவர் மாவைப் பிசைந்து மூடி வைத்தால், பத்தரைக்கு அது உப்பியிருக்கும். உருட்டித் தட்டில் அடுக்கிப் பதினொன்றேகாலுக்கு ஓவனில் வைத்தால், பன்னிரண்டுக்குள் ரொட்டி தயார். தட்டுகளையும் அவரே கழுவி வைத்துவிட்டு, இரண்டு துண்டுகளைத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டு ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம். மீதி நாலு மணிக்கு வரும் பிள்ளைகளுக்கு.