செருகு கலப்பின மகிழுந்தின் அறை சூடாக்கி

செருகு கலப்பின மகிழுந்தின் அறை சூடாக்கி என்பது பயணிகள் அறையைச் சூடாக்கவும், முன்கண்ணாடியில் படியும் நீராவிப் படலத்தை நீக்கவும் பயன்படும் அமைப்பாகும். பெட்ரோல் மகிழுந்தில் எஞ்சினின் வெப்பத்தைக் கூலன்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மம் அறைக்குக் கொண்டுவருகிறது. மின்கலத்தில் ஓடும்போது எஞ்சின் நின்றிருப்பதால், பல செருகு கலப்பின வண்டிகளில் மின்சூடாக்கியோ வெப்ப எக்கியோ தனியாகப் பொருத்தப்படுகிறது.

பழுது அல்லாதவை

2012இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் செருகு கலப்பின வண்டியில் சூடாக்கியைப் போட்டால் எஞ்சின் இயங்கத் தொடங்கும். செவ்ரோலெட் வோல்ட் வண்டியிலும் கடுங்குளிரில் மின்கலம் நிறைந்திருந்தாலும் எஞ்சின் இயங்கும். இவை வடிவமைப்பின் பகுதிகளே.

பழுதறிதல்

எஞ்சின் இயங்கும்போதும் நிற்கும்போதும் வரும் காற்றை ஒப்பிடுவதே முதற்படி.

- எஞ்சின் இயங்கும்போது மட்டும் வெப்பம் வந்தால்: மின்சூடாக்கி, அதன் உருகி அல்லது கட்டுப்பாட்டுச் சுற்றில் பழுது இருக்கலாம்.
- இரு நிலையிலும் குளிர்ந்த காற்றே வந்தால்: கூலன்ட் குறைவு, குழாயில் காற்றடைப்பு, பம்ப் பழுது ஆகியவை காரணமாகலாம். எஞ்சின் ஆறிய பிறகே கூலன்ட் மூடியைத் திறக்க வேண்டும்.
- ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால்: சூடான, குளிர்ந்த காற்றைக் கலக்கும் கதவின் மோட்டார் பழுதாகியிருக்கலாம்.
- காற்றே வராவிட்டால்: விசிறியையும் அதன் உருகியையும் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

மின்சூடாக்கி பெரும்பாலும் உயர் மின்னழுத்தத்தில் இயங்குகிறது. பல வண்டிகளில் இது 300 வோல்ட்டைத் தாண்டும். வண்டியை நிறுத்திய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் சிறிது நேரம் தங்கும். எனவே ஆரஞ்சு நிறக் கம்பிகளையும் அவற்றோடு இணைந்த பாகங்களையும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரே கையாள வேண்டும்.