கலிங்கத்துக் கல்லில் இல்லாத கண்ணீர்

சென்னைக்கும் மும்பைக்கும் ரயிலில் போய் வருகிறவர்களுக்கு வாடி சந்திப்பு தெரியாமல் இருக்காது. ராய்ச்சூரும் யாத்கிரும் தாண்டி வருகிற ஸ்டேஷன். அந்தப் பக்கத்தில், ரயில் பாதையை விட்டு விலகி, பீமா நதிக்கரையில் ஓர் ஊர் இருக்கிறது. பெயர் சன்னதி. கோயில் சன்னதி அல்ல. ஊரின் பெயரே அதுதான்.

அங்கே சந்திரலாம்பா கோயில் வளாகத்தில் இருந்த காளி கோயிலின் கூரை 1986-ல் இடிந்து விழுந்தது. சிலையும் சிதைந்தது. பீடமாகக் கிடந்த கல்லில் எழுத்துகள் தெரிந்தன. அறிஞர்கள் படித்துப் பார்த்தார்கள். அசோக சக்கரவர்த்தியின் சாசனம்! சிலையைப் பொருத்துவதற்காக யாரோ ஒரு காலத்தில் கல்லின் நடுவே குடைந்திருந்தார்கள். அந்த இடத்து எழுத்துகள் போனது போனதுதான்.

கர்நாடகத்துக்கு அசோகர் கல்வெட்டு புதிதல்ல. மஸ்கியிலும் பிரம்மகிரியிலும் உண்டு. ஆனால் சன்னதிக் கல்லில் இருந்த இரண்டு சாசனங்கள், அதுவரை ஒடிசாவில் இரண்டே இடங்களில் கிடைத்தவை. கலிங்கத்து அதிகாரிகளுக்கென்று எழுதப்பட்டவை. அவை ஏன் இத்தனை தூரம் வந்தன என்பது தனி விஷயம். அவற்றில் என்ன இருக்கிறது என்பதே இங்கு பேச வேண்டியது.

கணக்குச் சொன்ன அரசர்

கலிங்கப் போர் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ரத்தத்தைப் பார்த்தார், மனம் உருகினார், திருந்தினார் என்று அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். உண்மையில் அந்த மனிதர் உருகியதோடு நிற்கவில்லை. உட்கார்ந்து கணக்கும் பார்த்திருக்கிறார்.

போர் நடந்தது சுமார் கி.மு. 261-ல். அவருடைய 13-ம் பாறைச் சாசனம் தொகையைச் சொல்கிறது. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் 1,50,000 பேர். கொல்லப்பட்டவர்கள் 1,00,000 பேர். அதைப்போலப் பல மடங்கு பேர் மாண்டார்கள். காயம் படாமல் தப்பியவர்களும்கூட, சிநேகிதருக்கும் உறவினருக்கும் நேர்ந்ததை நினைத்துத் துன்பப்படுகிறார்கள் என்கிறார். வென்ற அரசர் தோற்றவர் வீட்டு துக்கத்தை இப்படி எழுதி வைப்பது எந்தக் காலத்திலும் சாதாரணமல்ல. நமது சோழரும் பாண்டியரும் இந்தச் சாசனத்திலும் பெயர் சொல்லப்படுகிறார்கள்.

அதற்காக அவர் ராஜ்யத்தை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விடவில்லை. கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. காட்டுவாசிகளுக்கு அதே கல்லில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது: வருந்துகிறவன்தான், ஆனால் தண்டிக்கும் பலம் இன்னும் கையில் உண்டு என்று. பெயர்த்துக் கொண்டுபோன ஒன்றரை லட்சம் பேரைச் சொந்த ஊருக்கு அனுப்பியதாக ஒரு வரியும் கிடையாது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த இடைவெளி சற்றுக் கூடுதலாகவே உறுத்தும்.

அங்கே மட்டும் மௌனம்

இன்னொரு விசித்திரம். புவனேசுவரத்துக்கு அருகில், தயா நதிக்கரையில், தௌலி. பாறையில் யானை ஒன்று பாதி வெளிவந்ததுபோல் செதுக்கியிருக்கும். கீழே அசோகர் சாசனங்கள். கஞ்சம் மாவட்டத்தில் ஜௌகடா என்ற இடத்திலும் அப்படியே. இந்த இரண்டு கலிங்கத்துப் பாறைகளிலும் 13-ம் சாசனம் இல்லை!

உலகத்துக்கெல்லாம் சொன்ன வருத்தத்தை, அடிபட்ட ஜனங்களின் கண் முன்னே ஏன் சொல்லவில்லை? ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். ஒரு லட்சம் பேரைக் கொன்றதாக அரசாங்கமே எழுதி வைத்தால் கலகம் மூளும் என்று மந்திரிகள் தடுத்திருக்கலாம். இரக்கமா, ராஜதந்திரமா? இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருந்திருக்கக் கூடாதா என்ன?

அந்த இடத்தில் அவர் வைத்ததுதான் அந்தத் தனிச் சாசனங்கள். முதலாவது, தோசலி நகரத்தில் நியாயம் வழங்கும் உத்தியோகஸ்தர்களுக்கு. எல்லா மனிதரும் தம் பிள்ளைகள் என்று தொடங்கி, பிள்ளைகளுக்கு விரும்பும் நன்மையையே எல்லோருக்கும் விரும்புவதாகச் சொல்கிறார். இது நெஞ்சு பேசுவது. அடுத்தாற்போல், இந்த எண்ணம் எவ்வளவு தூரம் போகிறது என்பது உங்களுக்கு முழுசாகப் புரியவில்லை என்று கண்டிக்கிறார். காரணமில்லாமல் ஒருவன் சிறையில் கிடக்கிறான். அவனால் வேறு பலரும் துன்பப்படுகிறார்கள். நடுவழியில் நடக்கப் பாருங்கள் என்கிறார்.

பிறகுதான் விஷயத்துக்கு வருகிறார். நடுவழி தவறுவது எதனால்? பொறாமை, சட்டென்று வரும் கோபம், கொடுமை, அவசரம், ஊன்றிச் செய்யாமை, சோம்பல், களைப்பு. ஏழு. இவற்றில் கோபப்படாமையும் அவசரப்படாமையும்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்கிறார்.

களைப்பைச் சேர்த்தாரே, அங்கேதான் மனிதர் நிற்கிறார். கோபமும் பொறாமையும் கெடுதி என்று எந்தச் சாமியாரும் சொல்வார். மாலை நாலரை மணிக்கு ஜன்னலில் நீட்டப்படும் மனுவுக்குக் காலையில் கிடைக்கும் நியாயம் கிடைக்காது என்பது ஆபீஸ் நடத்தியவருக்குத்தான் தெரியும். பாஷை தெரியாமல் ரேஷன் கார்டுக்கு நின்றவருக்கும் தெரியும். வெளிமாநிலத்தில் வாழ்கிற நம்மவர்களில் பலர் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள். சிலர் இன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

உபதேசத்தை மட்டும் நம்பி விட்டுவிடவும் இல்லை. கடுமை இல்லாத, மென்மையாக நடக்கிற ஓர் அதிகாரியை ஐந்தாண்டுக்கு ஒரு முறை சுற்றுப்பயணம் அனுப்பிப் பார்ப்பதாகச் சொல்கிறார். உஜ்ஜயினியிலிருக்கும் இளவரசர் மூன்றாண்டுக்கு மேல் தள்ளிப்போடாமல் அனுப்ப வேண்டும், தட்சசீலத்திலும் அவ்வாறே.

சாசனத்தைப் படித்துக் காட்டவும் நாள் குறித்திருக்கிறார். பூச நட்சத்திரத்தன்று எல்லோரும் கேட்க வேண்டும். நடுவில் மற்ற நாட்களிலும் படிக்கலாம். கேட்க ஒரே ஒரு ஆள் வந்தாலும் படிக்கலாம்.