முதலாளி பெயரில் பார்... பக்குவமோ பிலிப்பைன்ஸ்காரர்கள் கையில்! - லாஸ் ஏஞ்சலஸ் 'டிக்கி பார்'களின் கதை

'டிக்கி' என்றதும் நமக்கு காரின் பின்பக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் பாலினேசியத் தீவுகளில் அந்தச் சொல்லின் அர்த்தமே வேறு. நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய புராணங்களில் டிக்கி என்பவர் முதல் மனிதர். மரத்திலும் கல்லிலும் அவர்கள் செதுக்கும் முன்னோர் உருவங்களுக்கும் அதே பெயர்தான்.

அமெரிக்காவில் இதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. மூங்கில் சுவர், ஓலைக் கூரை, மீன் வலை, மங்கலான விளக்கு, பழச்சாறு கலந்த ரம். இப்படி ஒரு தீவையே அறைக்குள் கொண்டுவந்தது போல இருக்கும் மதுக்கூடம்தான் 'டிக்கி பார்'. இது பிறந்த ஊர், சினிமாவுக்குப் பெயர்போன லாஸ் ஏஞ்சலஸ். கிட்டத்தட்ட 90 ஆண்டுகளாக அங்கே வரும் சுற்றுலாப் பயணிகள் இந்த பார்களையும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறார்கள்.

அந்தப் பயணிகளில் பலருக்குத் தெரிந்தது முதலாளிகளின் பெயர்தான். கவுன்டருக்குப் பின்னால் நின்று அந்த பானங்களைக் கலக்கிய கைகள் யாருடையவை?

ஹாலிவுட்டில் முளைத்த தீவு

1920-லிருந்து அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலில் இருந்தது. 1933 டிசம்பர் 5-ம் தேதி அது முடிவுக்கு வந்தது. நாடு கடும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்துக்கொண்டிருந்த நேரம். அந்தச் சூட்டோடு, ஹாலிவுட்டின் மெக்கேடன் பிளேஸ் என்ற தெருவில் எர்னஸ்ட் கான்ட் என்ற இளைஞர் ஒரு சின்ன பார் திறந்தார். ஊர் சுற்றியபோது சேர்த்த வலை, மூங்கில், கடற்கரைச் சாமான்களை வைத்தே கடையை அலங்கரித்தார். அப்போது மலிவாகக் கிடைத்த ரம்மை எலுமிச்சை, மசாலாப் பாகு ஆகியவற்றோடு கலந்து விற்றார்.

சினிமாக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பார் பிரபலமானது. பிறகு 'டான் பீச்' என்று தன் பெயரையே சட்டப்படி மாற்றிக்கொண்டார் எர்னஸ்ட். 1937-ல் எதிர்ப்பக்கம் பெரிய இடத்துக்குக் கடை மாறியது. பெயர், 'டான் தி பீச்கோம்பர்'. கடலோரத்தில் கிடைத்ததைப் பொறுக்கி வாழ்பவரை அப்படிச் சொல்வார்கள். கிளம்ப நினைக்கும் வாடிக்கையாளர்களை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைக்க, கூரை மேல் தண்ணீர் பீய்ச்சி மழைச் சத்தம் வரவழைப்பாராம் டான்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான கலவை. அலங்காரம் பசிபிக் தீவுகளுடையது. ரம்மோ உலகின் மறுபக்கம் இருக்கும் கரீபியன் தீவுகளுடையது. தட்டில் வந்த சாப்பாடு பெரும்பாலும் சீன வகை. முதலாளி அமெரிக்கர். பானம் கலக்கியவர்களில் பெரும்பாலானவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள்!

பாட்டிலில் பெயர் இல்லை... நம்பர்தான்!

டானின் புகழ்பெற்ற பானம், 1934-ல் உருவான 'ஜாம்பி'. ஒரு கிளாஸில் மூன்று வகை ரம். மொத்தம் சுமார் 120 மில்லி. அதில் ஒன்று, வழக்கமான ரம்மைவிட மிகக் கடுமையானது. எலுமிச்சையும் மசாலாவும் சேர்ந்து அந்தக் காரத்தை மறைத்துவிடும் என்பதால், குடிப்பவருக்கு அளவே தெரியாது. அதனால், ஒருவருக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் கிடையாது என்று கடையிலேயே கட்டுப்பாடு வைத்தார்கள்.

பார் சக்கைப்போடு போட்டதும், போட்டியாளர்கள் அதே போலக் கடை திறந்தார்கள். டானின் ஊழியர்களை அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்தார்கள். ஆள் போனால் போகட்டும், செய்முறை போகக் கூடாது என்று டான் ஒரு வழி கண்டுபிடித்தார். பாகுகளையும் மசாலாக் கலவைகளையும் தனியாகத் தயாரித்து, பாட்டில்களில் 'டான்ஸ் மிக்ஸ்', 'ஸ்பைசஸ் நம்பர் 2' என்று மட்டும் எழுதி வைத்தார். எந்த பாட்டிலிலிருந்து எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது கலக்குபவருக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

நம் ஊரில் கல்யாண சமையல் மாஸ்டர் மசாலாவை வீட்டிலேயே அரைத்து டப்பாவில் கொண்டுவருவார் இல்லையா? அதே தந்திரம்தான்.

ஆனாலும், வருடக்கணக்கில் தினமும் அதே பாட்டிலைத் திறந்து மூடியவர்களுக்கு மணமும் ருசியும் பழகிவிட்டது. சிலர் தங்களுக்கென்று சின்னக் குறிப்பேடு வைத்து, அளவுகளை எழுதிக்கொண்டார்கள். பின்னாளில் அந்தக் குறிப்பேடுகள்தான் கைகொடுத்தன.

வேலை உண்டு... குடியுரிமை இல்லை!

லாஸ் ஏஞ்சலஸ் பார்களுக்கு இத்தனை பிலிப்பைன்ஸ்காரர்கள் எப்படி வந்தார்கள்? 1898-ல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸை அமெரிக்கா தன் வசமாக்கியது. அதனால் அந்நாட்டு மக்கள் தடையின்றி அமெரிக்கா வர முடிந்தது. கலிஃபோர்னியாவின் வயல்களிலும், ஹோட்டல்களிலும், வீடுகளிலும் வேலை பார்த்தார்கள். ஆனால் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் அல்ல. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. 1933-ல், வெள்ளையரை அவர்கள் திருமணம் செய்வதையும் கலிஃபோர்னியா சட்டம் தடுத்தது.

டானின் பார் வளர ஆரம்பித்த அதே 1934-ல் இன்னொரு சட்டம் வந்தது. பிலிப்பைன்ஸுக்கு எதிர்காலத்தில் சுதந்திரம் தருவோம் என்று சொன்ன அந்தச் சட்டம், ஆண்டுக்கு 50 பேர் மட்டுமே அங்கிருந்து அமெரிக்கா வரலாம் என்று கதவைச் சாத்தியது. 1946-ல் வந்த 'லூஸ் - செல்லர்' சட்டம்தான் பிலிப்பைன்ஸ்காரர்களுக்குக் குடியுரிமை பெறும் வாய்ப்பைத் தந்தது. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியர்களுக்கும் அதே வாய்ப்பைத் திறந்துவிட்டது அதே சட்டம்தான்.

அதுவரை, மூங்கிலும் ஓலையுமாக இருந்த அந்த அரங்கில் பிலிப்பைன்ஸ் ஊழியர்களும் வாடிக்கையாளர்களின் கண்ணுக்கு ஏதோ ஒரு 'தீவுக்காரர்கள்'தான். எந்தத் தீவு என்று கேட்டவர்கள் குறைவு.

வயலின் கடை, பார் ஆனது!

அந்த ஊழியர்களில் ஒருவர் ரே புஹென். 1930-ல் அமெரிக்கா வந்தவர். டானின் ஆரம்ப கால பார்டெண்டர்களில் ஒருவராக 1934-ல் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு நகரின் வேறு பல பார்களுக்கும் மாறினார். கிட்டத்தட்ட 27 ஆண்டுகள், முதலாளிகள் மாறினார்கள், வேலை மாறவில்லை. மற்றவர்களின் பெயர்ப்பலகைக்குக் கீழேதான் அவர் பானம் கலக்கினார்.

1961 ஏப்ரலில், சன்செட் பொலிவார்டு சாலையில் வயலின் கடை இருந்த ஒரு குட்டிக் கட்டடத்தைப் பிடித்து, சொந்தமாக பார் திறந்தார் ரே. பெயர் 'டிக்கி - டி'. கவுன்டர் முன்னால் 12 இருக்கைகள். ஓரத்தில் சில சிறு மேஜைகள். அவ்வளவுதான் கடை. சமையலறைகூட இல்லை. ஆனால், பானங்களின் பட்டியலோ 90 வரை நீளும்.

அதில் ஒரு பானத்தின் பெயரே 'ரேயின் தவறு'. 1968-ல் வேறொரு பானம் கலக்கும்போது கை தவறி வேறு பாகை ஊற்றிவிட்டாராம். குடித்தவருக்கு அது பிடித்துப்போக, பட்டியலில் ஏறிவிட்டது. இன்றும் அங்கே அதிகம் கேட்கப்படும் பானங்களில் அதுவும் ஒன்று.

ரே 1999-ல் காலமானார். மகன் மைக், அதன்பின் பேரன்கள் எனக் குடும்பமே கடையை நடத்தியது. புதன்கிழமை இரவுகளில் ரேயின் நினைவாக அனைவரும் கோப்பையை உயர்த்துவது கடையின் வழக்கம். எதைக் கேட்பது என்று குழம்பும் வாடிக்கையாளருக்கு ஒரு சக்கரத்தைச் சுழற்றவிட்டு, அது நிற்கும் பானத்தைக் கொடுப்பதும் உண்டு.

ஹாலிவுட்டில் டான் திறந்த பார் இன்று இல்லை. விவாகரத்துக்குப் பிறகு அந்தத் தொழில் அவருடைய முன்னாள் மனைவி சன்னி சன்ட் வசமானது. பல நகரங்களில் கிளை பரப்பியவர் அவர்தான். டான் ஹவாய்க்குப் போய் வேறு கடை நடத்தி, 1989-ல் அங்கேயே காலமானார். ஹாலிவுட் கடை 1980-களில் மூடப்பட்டது. ஆனால், அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே, ஊழியர் திறந்த அந்த 12 இருக்கை பார் கோவிட் கால முடக்கத்தையும் தாண்டி நிற்கிறது.

ஜாம்பியைக் காப்பாற்றிய குறிப்பேடு

இன்னொரு பிலிப்பைன்ஸ்காரர், போபோ கல்சினி. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய ஹன்டிங்டன் பீச் பகுதியில் பார்டெண்டராக இருந்தவர். பேஷன் ஃப்ரூட், பாதாம் பாகு, எலுமிச்சை, ஜின் சேர்த்து அவர் உருவாக்கிய 'சாட்டர்ன்' என்ற பானம் 1967-ல் உலக அளவிலான போட்டியில் பரிசு வென்றது. பிறகு பல ஆண்டுகள் அதை உலகம் மறந்தே போனது.

1970-களில் டிக்கி பார்களின் மவுசு குறைந்தது. கடைகள் மூடப்பட்டன. ரகசிய பாட்டில்களின் சூத்திரமும் அவற்றோடு போனது. 'ஜாம்பி' என்ற பெயரில் கிடைத்ததெல்லாம் ஆளுக்கொரு விதமான பழச்சாறு ரம். ஜெஃப் பெர்ரி என்ற எழுத்தாளர்தான் உண்மையான செய்முறையைத் தேடிக் கிளம்பினார். பழைய பார்டெண்டர்களையும் அவர்களின் குடும்பங்களையும் தேடித்தேடிச் சந்தித்தார். டானிடம் வேலை பார்த்த டிக் சான்டியாகோ என்பவரின் 1937-ம் ஆண்டுக் குறிப்பேடு, அவருடைய மகள் மூலம் கிடைத்தது. அதிலும் 'டான்ஸ் மிக்ஸ்' என்றுதான் இருந்தது. அது என்ன என்று இன்னொரு தேடல்.

கடைசியில் கிடைத்த விடை இதுதான்: இரண்டு பங்கு பம்ப்ளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் சாறு, ஒரு பங்கு பட்டை போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. இத்தனை ஆண்டு ரகசியம், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் பட்டை! 2007-ல் வெளியான புத்தகத்தில் பெர்ரி இதை எழுதினார். ரகசியத்தைப் பூட்டிவைத்தது முதலாளி என்றால், சாவியைப் பத்திரமாக வைத்திருந்தது ஊழியர்கள்தான்.

சாமி முகத்தில் கோப்பையா?

இந்தக் கதையில் இன்னொரு தரப்பும் இருக்கிறது. பசிபிக் தீவு மக்கள். இந்த பார்களில் பானம் ஊற்றித் தரும் பீங்கான் கோப்பைகள் பலவும் டிக்கி உருவத்தில் இருக்கும். அவற்றைச் சேகரிப்பதே பலருக்குப் பொழுதுபோக்கு. ஆனால், முன்னோர்களின் உருவத்தை மதுக்கோப்பை ஆக்குவது சரியா என்று அந்தத் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் சமீப ஆண்டுகளில் கேட்கிறார்கள். நம் ஊர் எல்லையில் நிற்கும் அய்யனாரின் முகத்தை மீசையோடு கோப்பையாக்கி, அதில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியைச் சில பார்கள் காதில் வாங்கியிருக்கின்றன. சிலைகளையும் முகக் கோப்பைகளையும் தவிர்த்து, 'டிராபிக்கல் பார்' என்ற பெயருக்கு மாறியிருக்கின்றன. பானமும் செடிகொடிகளும் இருக்கும். சாமி உருவம் இருக்காது. பழைய ரசிகர்கள் சிலருக்கு இது வருத்தம். அலங்காரம் இல்லாமல் டிக்கி ஏது என்பது அவர்கள் வாதம். விவாதம் இன்னும் ஓயவில்லை.

போனால் என்ன பார்க்கலாம்?

வேலைக்கோ, படிப்புக்கோ சென்ற பிள்ளைகளைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் போகும் குடும்பங்கள் நம் ஊரிலும் அதிகம். இந்த வரலாற்றை ருசி பார்க்காமலேயே எட்டிப் பார்க்கலாம்.

* டிக்கி - டி: சன்செட் பொலிவார்டில் இருக்கிறது. குட்டி இடம் என்பதால் வெளியே வரிசை நிற்பது சகஜம். அமெரிக்கச் சட்டப்படி 21 வயது நிரம்பினால்தான் மது. அடையாள அட்டை அவசியம்.

* டோங்கா ஹட்: நார்த் ஹாலிவுட்டில் 1958-ல் தொடங்கியது. நகரில் இன்றும் இயங்கும் டிக்கி பார்களில் மிகப் பழையது. ஜெஃப் பெர்ரியின் புத்தகம் ஒன்றில் உள்ள 78 பானங்களையும் ஓராண்டுக்குள் முடிப்பவர்களின் பெயரைப் பலகையில் பொறிக்கிறார்கள். பெருமைதான். ஆனாலும், கல்லீரலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

* டிஸ்னிலாண்டின் 'டிக்கி ரூம்': குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி. நகரை ஒட்டிய அனஹைமில் 1963-ல் திறக்கப்பட்டது. மது இல்லை. இயந்திரப் பறவைகளும் பூக்களும் பாட்டுப் பாடும்.

லாஸ் ஏஞ்சலஸின் மையப் பகுதியில் 'கிளிஃப்டன்ஸ் பசிபிக் சீஸ்' என்று ஓர் உணவகம்கூட முன்பு இருந்தது. 1939-ல் தீவு அலங்காரம் பூண்ட அங்கே அருவி உண்டு, மது கிடையாது. கையில் காசு இல்லாதவர்கள் முடிந்ததைக் கொடுத்துச் சாப்பிடலாம். 1960-ல் அது மூடப்பட்டு, இடம் கார் நிறுத்துமிடம் ஆனது.

'தீவு' என்ற கனவை விற்றவர்களின் பெயர்கள் போஸ்டர்களிலும் புத்தகங்களிலும் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கனவுக்கு ருசி கொடுத்தவர்களின் பெயர்களைத் தேட, சன்செட் பொலிவார்டின் அந்தக் குட்டிக் கடை வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)