நெடுந்தொலைவு ஓட்டம்: புதிதாகத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

கோவையில் டிசம்பரிலும் சென்னையில் ஜனவரித் தொடக்கத்திலும் மாரத்தான் ஓட்டங்கள் நடைபெறுகின்றன. அதனால் ஆண்டின் பிற்பாதியில் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: "ஐந்து கிலோமீட்டர் ஓடிப் பழகிவிட்டேன், 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமா?" கேட்பவர்களில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உட்கொள்வோரும் உண்டு. போதிய மாதங்களை ஒதுக்கினால் பெரும்பாலோர் ஓடலாம் என்பதே எங்கள் விடை.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தசைகளும் பழகிவிடுகின்றன. தசைநாண்களுக்கும் எலும்புகளுக்கும் மாதக்கணக்கில் காலம் தேவை. புதிய சுமையைத் தாங்கத் தன்னைச் சீரமைக்கும் எலும்பு, முதலில் பழைய பகுதியை அரித்து நீக்குகிறது. பிறகே புதியதைக் கட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில் அது சற்று வலுவிழந்திருக்கும். "மூச்சு வாங்கவில்லையே" என்று அப்போது தொலைவைத் திடீரெனக் கூட்டினால் எலும்பில் மெல்லிய விரிசல் விழலாம். முன்னங்கால் எலும்பில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி இருந்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள்.

எவ்வளவு கூட்டலாம்?

வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள் ஓடினால் போதும். அவற்றுள் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். கடந்த ஒரு மாதத்தில் ஓடிய மிக நீண்ட தொலைவைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒரே நாளில் கூட்டாதீர்கள். இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தொலைவைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுங்கள். இக்கணக்கின்படி 5 கிலோமீட்டரிலிருந்து 10-ஐ எட்ட ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். 21-ஐ எட்ட மேலும் மூன்று மாதங்கள். ஆகவே, அக்டோபரில் 5 கிலோமீட்டர் ஓடுபவர் ஜனவரியில் 10 கிலோமீட்டர் பிரிவைத் தேர்ந்தெடுப்பதே முறை. வேகத்துக்கு எளிய அளவுகோல் பேச்சு: முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும்.

முன்பரிசோதனை யாருக்கு?

இதய நோய், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளோரும், நடக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சு இறுக்கம் அல்லது மயக்கம் உணர்ந்தோரும், தந்தை அல்லது சகோதரருக்கு 55 வயதுக்கு முன்போ, தாய் அல்லது சகோதரிக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு ஏற்பட்டிருப்போரும் பயிற்சிக்கு முன் மருத்துவரைக் காண வேண்டும். தேவைப்பட்டால் இசிஜி, எக்கோ, டிரெட்மில் பரிசோதனைகளைச் செய்வோம்.

மருந்து உட்கொள்வோர் கவனத்துக்கு

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் எடுப்போருக்கு, ஓடும்போதும் அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழக்கூடும். ஓடுமுன் அளந்து பாருங்கள்; 90-க்குக் கீழ் இருந்தால் முதலில் ஏதேனும் உண்ணுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்போரும், சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுப்போரும் நீரிழப்புக்கு எளிதில் ஆளாகலாம். போட்டி நாளில் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே கேளுங்கள். மெட்டோபுரோலால், அட்டெனோலால் எடுப்போருக்கு நாடித்துடிப்பு முழுமையாக உயராது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல் பேச்சு அளவுகோலைப் பின்பற்றுங்கள். எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

ஓட்டத்துக்கு முன் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை விழுங்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். நீரிழந்த உடலில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். எச்சரிக்கும் வலியையும் மறைக்கும். காய்ச்சல் உள்ள நாளில் ஓடவே கூடாது. வைரஸ் தொற்று இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கியிருக்கலாம்.

வெயிலும் நீரும்

கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. உடல் வெப்பமும் தணியாது. விடியலிலேயே ஓடுங்கள். வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும்.

நீர் குறைவதைப் போலவே மிகுவதும் தீங்கு. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்கு நீர் அருந்தியோரிடம் இது மிகுதி. தாகத்துக்கு ஏற்ப அருந்துங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் மிகையாகக் குடித்திருக்கிறீர்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 1.4 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் குடித்தது போதவில்லை.

குடும்பத்தினருக்கு

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் ஓட்டத்தை உடனே நிறுத்தச் செய்யுங்கள்:

• நெஞ்சு, தாடை அல்லது இடது கையில் இறுக்கம், மயக்கம், இதயப் படபடப்பு.
• பேச்சுக் குழறல், தடுமாற்றம், இடம் தெரியாத குழப்பம்.
• ஓட்டத்துக்குப் பின் ஓயாத தலைவலி, வாந்தி.
• சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில் போதல்.

உடல் கொதிக்க, குழப்பத்தோடு ஒருவர் விழுந்தால் அது வெப்பத்தாக்கு. வியர்த்துக்கொண்டிருந்தாலும் அப்படியே கருதுங்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நீரிழிவு நோயாளர் எனில் சர்க்கரையையும் அளந்து பாருங்கள்.

போட்டிக்குப் பெயர் பதியுமுன், மருந்துச் சீட்டையும் பயிற்சி அட்டவணையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உங்களுக்கு ஏற்ற தொலைவைச் சேர்ந்து முடிவு செய்வோம்.