சிவதை வேரும் குடலின் சுருக்கமும்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, பக்கத்துச் சாலைக் கடைத்தெருவில் நாம் சிவதை வேர் கேட்டால் கடைக்காரர் விழிக்கக்கூடும். மலையாளத்தில் அதற்குத் 'திரிகோல்பக்கொன்ன' என்று பெயர். 'கொன்ன' என்றதும் நம் சரக்கொன்றை நினைவுக்கு வரும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் அப்பெயர் இடறத்தான் செய்கிறது. சரக்கொன்றையை அவர்கள் கணிக்கொன்ன என்பர். அதன் காய்ச்சதை மென்மையான மலமிளக்கி. சிவதையோ கடும் பேதி மருந்து.

அக்கடுமை எதனால்? சிவதை, சர்க்கரைவள்ளியின் குடும்பத்துக் கொடி. அதன் வேர்ப்பிசினில் சர்க்கரைத் தொடரும் கொழுப்பமிலமும் பிணைந்த கிளைக்கோசைடுகள் உள்ளன. மெக்சிகோவின் ஜாலப் கிழங்கிலும் இவ்வினப் பொருள்களே இருப்பதால், மேனாட்டார் சிவதையை 'இந்திய ஜாலப்' என்றனர். இப்பிசின் குடலின் உட்படலத்தை உறுத்தி நீரைப் பெருக்குகிறது. நம் இச்சைக்குக் கட்டுப்படாத மென்தசையைச் சுருங்கத் தூண்டுகிறது. உடலினின்று பிரித்த பின்னும் அத்தசை சுருங்கவல்லது. 1904-ஆம் ஆண்டில் ருடால்ப் மேக்னஸ் என்ற அறிஞர் குடல் துண்டொன்றை இளஞ்சூடான உப்புக்கரைசலில் தொங்கவிட்டு அச்சுருக்கங்களைப் பதிவு செய்தார். தாவரச் சாறுகளைச் சோதிக்க அம்முறை இன்றும் பயன்படுகிறது.

கருப்பையின் சுவரும் மென்தசையே. கருவுற்ற பெண்களுக்குச் சிவதை ஆகாதென்று வைத்தியர்கள் விலக்குவதை நாம் அசட்டை செய்யலாகாது. எனவே, அயல்மொழிக் கடையில் வாங்கிய வேரைப் பெயருடன் எழுதி, உண்ணுமுன் வைத்தியரிடம் காட்டுவோம். 1889-ஆம் ஆண்டில் பாடசாலையாகத் தோன்றிய அரசினர் ஆயுர்வேதக் கல்லூரியும் கோட்டையிலிருந்து சிறிது தொலைவிலேயே இருக்கிறது.