நிரல் எங்கே நேரத்தைச் செலவிடுகிறது? ஊகிக்காமல் அளந்து பார்ப்போம்

தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். மதுரை வட்டாரத்தின் இந்த மூன்று ஜல்லிக்கட்டுகளுக்கும் காளை உரிமையாளர்களும் மாடுபிடி வீரர்களும் இப்போது மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் பதிவு செய்கிறார்கள். ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வரும் எந்தப் பதிவிலும் ஒரு கேள்வி எழும்: ஒரே காளைக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்துள்ளனவா?

இந்தக் கேள்வி பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஏற்ற பயிற்சி. பதிவெண்களின் பட்டியலைப் படித்து, இரட்டிப்பான எண்களைக் கண்டறியும் பைத்தான் நிரலை அவர்களால் எழுத முடியும். 100 எண்களுக்கு அது உடனே விடை தரும். 10,000 எண்களைக் கொடுத்தால் திணறும். அப்போது மாணவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "இந்தக் கம்ப்யூட்டர் பழசு சார்."

அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்றால் இரண்டு இழப்புகள் உண்டு. நன்றாக இயங்கும் கணினி மூலையில் முடங்கும். மாணவர் தன் நிரலைத் திருத்தும் வாய்ப்பை இழப்பார். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் செயலியின் நேரத்தையும் நினைவகத்தின் இடத்தையும் எங்கே, எவ்வளவு பயன்படுத்துகிறது என்று அளந்து பார்ப்பதே இதற்கு மாற்று. இதைப் புரொஃபைலிங் என்பார்கள்.

முதலில் வெளியிலிருந்து

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். உபுண்டுவில் சிஸ்டம் மானிட்டர் இருக்கிறது. டெர்மினலில் 'டாப்' கட்டளையும் உண்டு. ஒவ்வொரு நிரலும் செயலியில் எத்தனை விழுக்காடு, நினைவகத்தில் எவ்வளவு எடுக்கிறது என்பதை இவை காட்டும்.

செயலி முழு வேகத்தில் உழைத்து, நினைவகம் போதிய அளவு காலியாக இருந்தால், அது கணக்கீட்டுச் சுமை. நினைவகம் நிரம்பிவிட்டால் இயக்க அமைப்பு வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகம்போலப் பயன்படுத்தத் தொடங்கும். வன்தட்டு பல மடங்கு மெதுவானது என்பதால் எல்லா நிரல்களும் சேர்ந்து ஊர்ந்து செல்லும். ஒரு நிரலின் நினைவக அளவு காரணமின்றி ஏறிக்கொண்டே போனால், எடுத்த இடத்தை அது திருப்பித் தரவில்லை என்று ஐயப்படலாம். இம்மூன்றும் பார்வைக்கு 'மெதுவான கணினி'தான். தீர்வுகள் மட்டும் வேறு.

இங்கே மாணவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நான்கு கோர் கொண்ட செயலியில் சாதாரண பைத்தான் நிரல் ஒரு கோரை மட்டுமே முழுமையாகப் பயன்படுத்தும். அதை டாஸ்க் மேனேஜர் ஏறத்தாழ 25 விழுக்காடு என்றும், 'டாப்' 100 விழுக்காடு என்றும் காட்டக்கூடும். இரண்டும் சரியே. ஒன்று மொத்தச் செயலியையும், மற்றது ஒரு கோரையும் முழு அளவாகக் கொள்கிறது.

பிறகு நிரலுக்குள்

எந்த நிரல் சுமை என்பது தெரிந்துவிட்டது. அதன் எந்தப் பகுதி சுமை என்பது அடுத்த கேள்வி. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. தலைமை ஆசிரியர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வராண்டாவில் நடந்து, அந்தக் கணத்தில் எந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று குறிப்பது ஒரு வழி. ஒரே வகுப்பில் நாள் முழுவதும் அமர்ந்து ஒவ்வொன்றையும் எழுதுவது இன்னொரு வழி. முதலாவது மாதிரி எடுத்தல். சுமை குறைவு, விடை தோராயமானது. இரண்டாவதில் விவரம் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் பார்வையிடுவதே வகுப்பின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும்.

பைத்தானுடனேயே வரும் 'சிபுரொஃபைல்' இரண்டாம் வகை. ஒவ்வொரு செயற்கூறும் எத்தனை முறை அழைக்கப்பட்டது, தனக்குள் மட்டும் எவ்வளவு நேரம் எடுத்தது, தான் அழைத்த மற்றவற்றையும் சேர்த்து எவ்வளவு நேரம் எடுத்தது என்று அட்டவணை தரும். அது செயற்கூறு வாரியாகவே கணக்கிடுவதால், கோப்பைப் படித்தல், எண்களைச் சீராக்குதல், இரட்டிப்பைத் தேடுதல், அச்சிடுதல் ஆகிய நான்கையும் தனித்தனிச் செயற்கூறுகளாக எழுதச் சொல்லுங்கள்.

அளக்கும் முன் ஊகிக்கச் சொல்லுங்கள். கோப்பைப் படிப்பதுதான் தாமதம் என்பார் ஒருவர். அச்சிடுவது என்பார் இன்னொருவர். ஊகங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அளந்தால், தேடும் செயற்கூறு தனியே நிற்கும். அது அழைக்கப்பட்டது ஒரே முறை. நேரமோ பெரும்பகுதி அதனுடையது.

காரணம் எளியது. பின்னலான மடக்கில் ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லா எண்களோடும் ஒப்பிட்டால், 10,000 எண்களுக்கு 4,99,95,000 ஒப்பீடுகள். ஏறத்தாழ 5 கோடி! எண்கள் 20,000 ஆனால் ஒப்பீடுகள் ஏறத்தாழ 20 கோடி. உள்ளீடு இருமடங்கு, வேலை நான்கு மடங்கு.

இப்போது பார்த்த எண்களை ஒரு 'செட்'டில் சேர்த்துக்கொண்டே போய், ஒவ்வொரு புதிய எண்ணும் அதில் ஏற்கெனவே உள்ளதா என்று மட்டும் கேட்டால், 10,000 கேள்விகளில் வேலை முடியும். பழைய கணினியிலும் கண்மூடித் திறப்பதற்குள் விடை வரும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 10,000 எண்கள் கொண்ட 'செட்', தன் அட்டவணைக்கு மட்டும் சுமார் அரை மெகாபைட் நினைவகம் எடுக்கும். 4 ஜி.பி. நினைவகத்தில் இது எட்டாயிரத்தில் ஒரு பங்கு, தாராளமாகக் கொடுக்கலாம். 10 கோடி எண்கள் என்றால் அட்டவணைக்கே சில ஜி.பி. வேண்டும், அப்போது வேறு வழி தேட வேண்டியிருக்கும். எந்த வரி எவ்வளவு நினைவகம் எடுத்தது என்பதைப் பைத்தானில் உள்ள 'டிரேஸ்மாலாக்' காட்டும். பாடநூல் கூறும் நேரச் சிக்கல்தன்மையும் இடச் சிக்கல்தன்மையும் இங்கே மாணவர் கண்முன் எண்களாக நிற்கின்றன.

ஊகம் தவறுவது மாணவர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. டொனால்டு நூத் 1971இல் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, பொதுவாக நிரலின் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். அந்தச் சிறு பகுதியைக் கண்டுபிடிக்காமல் மற்ற 96 விழுக்காட்டைச் செப்பனிடுவது, கசியும் குழாயை விட்டுவிட்டுத் தொட்டியைத் துடைப்பதைப் போன்றது.

தொடக்க வகுப்புகளில், கணினி இல்லாமல்

இதே கருத்தை நான்காம், ஐந்தாம் வகுப்பிலும் கொண்டுவரலாம். 40 குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒரே தேதியில் பிறந்தவர்களைக் கண்டறிய வேண்டும். மாதம் எதுவானாலும் சரி. ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரிடமும் கேட்டால் 780 இணைகள். அடுத்ததாக மைதானத்தில் 1 முதல் 31 வரை கட்டங்கள் வரைந்து, அவரவர் தேதிக் கட்டத்தில் நிற்கச் சொல்லுங்கள். 40 நகர்வுகளில் விடை தெரிந்துவிடும். "நேரம் மிச்சமானது, அதற்காக எதைக் கொடுத்தோம்?" என்று கேளுங்கள். 'இடம்' என்ற விடையைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

ஆய்வகத்தில் கவனிக்க

பயிற்சிக்கு உண்மையான விண்ணப்ப விவரங்களோ ஆதார் எண்களோ வேண்டாம். நிரல் மூலமே எண்களை உருவாக்கிக்கொள்ளலாம். அளக்கும்போது உலாவி போன்ற பிற நிரல்களை மூடிவிடவும். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுக்கவும். 'சிபுரொஃபைல்' தானே சிறிது நேரம் எடுப்பதால், இடத்தைக் கண்டறிய அதையும், இரண்டு நிரல்களின் மொத்த நேரத்தை ஒப்பிட 'டைம்இட்' கருவியையும் பயன்படுத்தலாம். ஊகம், அளவு, திருத்தம், மறு அளவு என்ற நான்கு பத்திகளைச் செய்முறைப் பதிவேட்டில் எழுதச் செய்யலாம்.

"கம்ப்யூட்டர் பழசு" என்பது சில நேரம் உண்மையாகவே இருக்கும். அப்போதும் அந்த அளவுகள் வீண்போகாது. புதிய கணினி கேட்டு எழுதும் கடிதத்தில் புகாருக்குப் பதிலாக எண்களை எழுதலாம்.