சுரண்டாதே!

கல் சொல்லும் ஊர்கள் – 14

லண்டனிலிருந்து தேம்ஸ் நதியை எதிர்த்து மேற்கே போனால், படகு செல்லும் அளவுக்குத் தண்ணீர் இருப்பது ஏறக்குறைய இங்கிள்ஷம் வரைதான். வில்ட்ஷயர் மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் இந்த ஊரில் இப்போது சில வீடுகளே மிச்சம். இடைக்காலத்தில் இங்கே வாழ்ந்த கிராமம் மறைந்துவிட்டது. மேய்ச்சல் நிலத்து மேடு பள்ளங்கள்தான் அதன் அடையாளம். ஊர் போய், சர்ச் மட்டும் நிற்கிறது. பெயர் புனித யோவான் ஸ்நானகர் தேவாலயம்.

மேக்னா கார்ட்டாவில் முத்திரை வைத்த அதே ஜான் மன்னர், 1205இல் இந்தச் சர்ச்சைப் பியூலி மடத்துத் துறவிகளுக்குக் கொடுத்தார். இன்று காணும் கட்டடத்தில் பெரும்பகுதி அந்த 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயர்ந்த கோபுரம் கிடையாது. மேற்குச் சுவரின் உச்சியில் இரண்டு மணிகள் தொங்கும் சிறு கல்மாடம், அவ்வளவே. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் பண்ணைக் களஞ்சியம் என்று நினைத்துக் கடந்துபோகக்கூடும்.

உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது மரப்பெட்டிகள் போன்ற இருக்கைகள். சுற்றிலும் உயரமாகப் பலகை அடைத்து, தனித்தனியே கதவு வைத்தவை. குளிர்காற்றுக்கும் அடக்கம், குடும்ப அந்தஸ்துக்கும் அடையாளம். இவை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தவை. பிரசங்க மேடையும் அந்தக் காலத்தை ஒட்டியதே. மேலே 15ஆம் நூற்றாண்டுக் கூரை. காலடியில் தேய்ந்து ஏறி இறங்கும் கல்தளம்.

ஆனால் இந்தச் சர்ச்சின் செல்வம் சுவரில்தான் இருக்கிறது. பூசிய சுண்ணாம்பின் மேல் 13ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை ஓவியமும் எழுத்துமாக மாறி மாறித் தீட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் ஏழு அடுக்குகள். எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களுக்கு ஆரம்பத்தில் படங்களே வேதபாடம். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ரோமாபுரியின் பிடியிலிருந்து விலகியது. ஆறாம் எட்வர்ட் ஆட்சியில் படங்களை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நாடெங்கும் சுண்ணாம்பு வாளியோடு ஆட்கள் இறங்கினார்கள். படம் இருந்த இடத்தில் பத்துக் கட்டளைகளும் ஜெபங்களும் ஆங்கில எழுத்தில் ஏறின. மறைக்கப் பூசிய அந்தச் சுண்ணாம்பே பல ஊர்களில் பழைய ஓவியங்களுக்குக் கவசமானதுதான் வேடிக்கை.

இங்கே முழுமையான ஓவியத்தைத் தேடினால் ஏமாற்றமே. ஒரு வாசகத்தின் நடுவிலிருந்து இன்னொரு காலத்துச் சிவப்புக் கோடு எட்டிப் பார்க்கும். அதற்கும் அடியில் வேறொரு வண்ணம். அடியில் இருப்பதை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் மேலே இருப்பதைச் சுரண்டி எறிய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

தெற்குப் பகுதிச் சுவரில் ஒரு கற்சிற்பம். மடியில் குழந்தை இயேசுவோடு மரியாள். மேலிருந்து இறைவனின் கை குழந்தையைச் சுட்டுகிறது. 1066இல் நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முந்தைய ஆங்கிலோ-சாக்ஸன் கைவேலை இது. நெடுங்காலம் வெளிச்சுவரில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அதன் மேல் கோடு கீறி, குச்சி நட்டு, நிழற்கடிகாரமாகக்கூடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1910இல்தான் உள்ளே கொண்டுவந்தார்கள்.

இத்தனையும் பிழைத்ததற்குக் காரணம் ஒரு கவிஞர். விக்டோரியா காலத்தில் சர்ச்சுகளைப் ‘பழைய நிலைக்கு மீட்கும்’ மோகம் இங்கிலாந்தைப் பிடித்து ஆட்டியது. கட்டடக் கலைஞர்கள் ஒரு நூற்றாண்டை உயர்ந்தது என்று முடிவு செய்துகொண்டு, அதற்குப் பின் வந்த இருக்கை, பூச்சு, தடுப்பு எல்லாவற்றையும் பெயர்த்தார்கள். சுவரைக் கல் தெரியச் சுரண்டினார்கள். டியூக்ஸ்பரி தேவாலயத்தில் கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் தொடங்கவிருந்த வேலையைப் பற்றிக் கேள்விப்பட்ட அந்தக் கவிஞர், வில்லியம் மாரிஸ், கொதித்துப்போனார். 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு ஏற்பட்ட செல்லப் பெயர் ‘சுரண்டல் எதிர்ப்பு’.

அதன் கொள்கை எளிது: ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக் கொடு, அன்றாடம் கவனி; பழையதைப் போலப் புதிதாகச் செய்து ஏமாற்றாதே. இங்கிள்ஷம், மாரிஸ் வாழ்ந்த கெல்ம்ஸ்காட்டுக்கு அருகில் இருந்தது. 1888–89இல் அவருடைய முயற்சியாலும் உதவியாலும் இங்கே பழுதுபார்க்கும் வேலை நடந்தது. பொறுப்பேற்றவர் மிக்கிள்த்வெய்ட் என்ற கட்டடக் கலைஞர். பெட்டி இருக்கைகள் அப்படியே இருந்தன. சுவர்ப் பூச்சை யாரும் தொடவில்லை.

மாரிஸின் இந்தச் சிந்தனை இந்தியாவுக்கும் வந்தது. தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டில் அதன் சாயல் அழுத்தமாகவே தெரியும்.

இன்று இங்கிள்ஷத்தைப் பராமரிப்பது தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை. வழக்கமான வழிபாடு நின்றுபோன 350க்கும் மேற்பட்ட சர்ச்சுகள் அதன் பொறுப்பில் இருக்கின்றன. ஒரு கட்டடத்துக்குச் செய்யும் பெரிய உபகாரம் சில சமயம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். ஆனால் அது சும்மா இருப்பதல்ல. கூரை ஒழுகாமல் ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டால்தான் சுவரைத் தொடாமல் விட முடியும்.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்விண்டன் ரயில் நிலையத்தில் இறங்கி, லெச்லேட் வந்துவிட்டால் அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். வெளிச்சம் நன்றாக இருக்கும் பகல் பொழுதில் போங்கள். சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள். எட்டு நூற்றாண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்பு அது.

அடுத்த வாரம்: மாரிஸ் வாழ்ந்த கெல்ம்ஸ்காட் மாளிகை.

(தொடரும்)